பிணைக்காத பாவு

பிள்ளையார்பாளையம்
பிப்ரவரி 20

அகிலாவுக்கு ரேணுகாம்பாள் எழுதுறது.

அன்னைக்கு நம்ம வீட்டுக் கூடத்துல இருந்தவங்க: தறியண்டை உன் அப்பன் மாணிக்கவேல். சமையல்கட்டு வாசப்படியில உன் அம்மா துளசி, கையில கரண்டியோட. சின்ன காஞ்சிபுரத்துலேர்ந்து வந்த உன் அத்தை அம்சவேணி, வந்ததுலேர்ந்து ஃபேனுக்கு அடியிலயே. எதிர்வீட்டு மேரி, அவ மக பிரவீனா. பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆன வீராசாமி, வீட்டுல இருக்குற ஒரே நாற்காலியில. பட்டாளத்துலேர்ந்து லீவுல வந்திருந்த உன் தம்பி ஆதிகேசவன், வீராசாமி காலண்டை தரையில. நடுவுல நீ. அப்புறம் நான். மொத்தம் ஒன்பது பேரு. இதுல ஒருத்தரைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. என் கல்யாணத்துல யார் யார் சாப்பிட்டுட்டு மொய் வெக்காம போனாங்கன்னு இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன், உனக்கே தெரியும்.

தெரு முனை அம்மன் கோயில்ல ஆடிக் கூழ் ஊத்தின ஞாயித்துக்கிழமை அது. பட்டாளத்துக் காசுக்குக் கணக்கு பார்க்குற உன் டில்லி ஆபீசுல உன்னைப் பாராட்டிக் கொடுத்த காகிதத்தை நீ கண்ணாடி போட்டு எடுத்தாந்தே. நான் மைசூர்பாக்கு வாங்கியாரச் சொல்லி தெருவுக்கே கொடுத்தேன். மேரி கேட்டா: "இன்னாத்துக்கு அகிலா பாராட்டு? நீ துப்பாக்கி பிடிச்சியா?" எல்லாரும் சிரிச்சோம். நீ சொன்னே: "துப்பாக்கி பிடிக்கிறவங்களுக்குக் காசு தேடிக் கொடுத்தேன்க்கா. எல்லையில சண்டை திடீர்னு வந்துடுச்சு. அதுக்குன்னு யாரும் காசு எடுத்து வெக்கலை. எங்கேர்ந்து எடுக்கலாம்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுன்னு எங்க சார் சொல்லிட்டாரு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? நம்ம வீட்டு வழக்கத்தைத்தான் பார்த்தேன். பிணைச்ச பாவைத் தொடாதே, பிணைக்காத பாவை எடு."

அந்த வழக்கம் எங்க மாமியார் காலத்து வழக்கம். உங்க தாத்தா செத்தப்பகூட தறியில பிணைச்சிருந்த பாவை நான் அறுக்க விடலை. பெட்டியில சும்மா இருந்த சொந்தப் பாவை வித்துத்தான் காரியம் பண்ணோம். தறியில இருக்குற பழைய நூலோட புதுப் பாவை, அந்த நெடுக்கு நூலை, இழை இழையாப் பிணைச்சுட்டா அது பாதிப் புடவை. பிணைக்காதது வெறும் நூலு. இன்னொரு நாள் வாங்கிக்கலாம்.

நீ மேல சொன்னே: "இன்னும் ஆரம்பிக்காத வேலைங்களா பார்த்து எடுத்தேன். ஒரு ஆபீசர் மெஸ்ஸு, ஒரு கிடங்குக்குக் கூரை, தும்ரி நாலான்னு ஏதோ ஒரு ஓடை மேல ஒரு நடைபாலம்." அம்சவேணி சொன்னா, பேரே தும்மல் மாதிரி இருக்குதேன்னு. மறுபடி சிரிச்சோம்.

இந்தத் தை மாசம் உன் தம்பியைப் பெட்டியில வெச்சு எடுத்தாந்தாங்க. கூட வந்த வேலூர்ப் பக்கத்துப் பையன் என் காலைப் பிடிச்சுக்கினு சொன்னான்: "பாட்டி, எவனும் சுடலை. ரேஷன் மூட்டையைத் தூக்கிக்கினு வந்துக்கினு இருந்தாரு. பாலத்துக் கம்பி அறுந்துடுச்சு. போன வருஷமே புதுப் பாலம் வரவேண்டியது, திடீர்னு அந்தக் காசை எடுத்துட்டாங்க." எந்த இடம்பான்னு கேட்டேன். அந்தத் தும்மல் பேரைச் சொன்னான். நான் உன்னைப் பார்த்தேன். உன் கையிலேர்ந்து டம்ளர் விழுந்துச்சு. எட்டு வீடு தள்ளி இருந்தவங்களுக்குக்கூட அந்தச் சத்தம் கேட்டுச்சாம்.

வெளியே போடின்னு நான் சொன்னதுல மாத்தம் இல்லை.

உன் கல்யாணப் புடவைக்குன்னு கார்த்திகையில உன் அப்பன் பிணைச்ச பாவு தறியில அப்படியே இருக்குது. அரக்குக் கலரு. பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் அதை அறுக்கப் போறேன். இந்த வீட்டுல எவரும் பண்ணாத காரியம். நான் பண்ணுவேன். அது அறுந்தா இந்த வீட்டுல உனக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். கத்தரிக்கோல் சாமி படத்தாண்ட இருக்குது.

ஒன்பது பேர்ல ஒருத்தரை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன். யாருன்னு உனக்கே தெரிஞ்சிருக்கும்.

போன் பண்ணாதே. போன்ல நீ அழுவே. நானும் அழுதுடுவேன். காகிதத்துல எழுது.

ரேணுகாம்பாள்


புது டில்லி
மார்ச் 1

ஆயா,

உன் லெட்டர் வந்து நாலு நாளா பிரிக்காம வெச்சிருந்தேன். பிரிச்சதுக்கு அப்புறம் ஆபீஸ் போக முடியலை. ஊர்லேர்ந்து எப்படி டில்லிக்கு வந்தேன்னே எனக்கு ஞாபகம் இல்லை. ரயில்ல யாரோ ஒரு அம்மா என் கையில வாழைப்பழத்தைக் கொடுத்து உரிச்சுச் சாப்பிடுன்னாங்க. ஸ்டேஷன்ல இறங்கும்போதும் அது கையிலதான் இருந்துது.

எனக்குத் தெரியாது ஆயா. சத்தியமா தெரியாது. நீ நம்ப மாட்டே, ஆனா சொல்றேன். லிஸ்ட்ல ஒரு நம்பர், ஒரு பேரு, எவ்வளவு காசு, அப்புறம் ஒரு கட்டம்: வேலை ஆரம்பிச்சாச்சா, இல்லையா. ஆரம்பிச்ச வேலைன்னா கான்ட்ராக்டர் வந்துடுவார், கேஸ் போடுவார், அதனால தொட முடியாது. 'இல்லை'ன்னு இருந்ததை எல்லாம் நான் டிக் அடிச்சேன். அந்தப் பாலத்துல யாரு நடக்குறாங்கன்னு எந்தக் கட்டத்துலயும் இல்லை. ஆதி எங்க இருக்கான்னு நம்ம யாருக்காவது தெரியுமா? கேட்டா இன்னா சொல்லுவான்? "மலை, குளிரு, டவர் கிடைக்காது." அவ்வளவுதானே. நானே அந்தப் பேரை வீட்டுல வந்து சொல்லியிருக்கக் கூடாது. உங்க எல்லாரோட முகத்தையும் பார்த்ததும் வாய் நிக்கலை.

சண்டைன்னா இன்னான்னு நினைச்சே? அன்னைக்கு ஆபீஸ்ல எல்லா டேபிள்லயும் போன் அடிச்சுக்கினே இருந்துது. லாரிக்கு டீசல், ஆளுங்களை ஏத்திக்கினு போற பிளேனு, குண்டு, மருந்து. எல்லாம் உடனே வேணும். காசு இல்லைன்னு நின்னா அங்க எத்தனை ஆதி செத்திருப்பான்? அதை நினைச்சுத்தான் பண்ணேன். ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்து யோசிக்க விடலை. சார் என் தலைக்குப் பின்னாடியே நின்னுக்கினு இருந்தாரு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கோச்சுக்கோ. பிணைக்காத பாவை எடுன்னு எனக்கு டில்லியில யாரும் சொல்லித் தரலை. அன்னைக்குக் கூடத்துல முதல்ல கை தட்டினது நீ. "நம்ம வீட்டு வழக்கம் டில்லி வரைக்கும் போயிடுச்சு பாருடி மேரி"ன்னு சொன்னது நீ. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே, இது இல்லையா?

ஒன்பது பேர்ல ஒருத்தர்னு எழுதியிருக்கே. நான்தான். தெரியும். ஆனா பாவை அறுக்காதே ஆயா. எனக்குக் கல்யாணமே வேணாம், புடவையும் வேணாம். அது தறியில இருக்கட்டும். அவ்வளவுதான் கேக்குறேன்.

அகிலா


பிள்ளையார்பாளையம்
மார்ச் 8

அகிலாவுக்கு,

கை தட்டினேன். ஆமா. நான் மறந்ததா எங்க எழுதினேன்?

உன் லெட்டரைப் பிரவீனாவை வெச்சு ரெண்டு தரம் படிக்கச் சொன்னேன், எனக்கு உன் கோழிக்கிறுக்கல் புரியலை. படிச்சுட்டு அந்தப் பொண்ணு அழுதுக்கினே போச்சு. ஆதி போனப்போ மேரி மூணு நாள் நமக்குச் சோறு ஆக்கிப் போட்டா. அவ தட்டை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கலை. வெறும் தட்டா கொடுக்கக் கூடாது, நிரப்பிக் கொடுக்க இந்த வீட்டுல ஒண்ணும் செய்யறதும் இல்லை. துளசி பாலைக் காய்ச்சிட்டு அடுப்பாண்டையே உட்கார்ந்துக்குறா.

நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. அவ்ளோ பெரிய சர்க்காரு. சண்டைக்குன்னு ஒரு உண்டியல் வெக்க மாட்டாங்களா? தீபாவளிக்கே நாம வருஷம் பூரா சீட்டு கட்டறோம். தீபாவளி எந்தத் தேதியில வரும்னாவது தெரியும். சண்டை எப்ப வரும்னு தெரியாது, அப்போ அதுக்கு இல்லை முதல்ல எடுத்து வெக்கணும்? மழை வந்ததுக்கு அப்புறம் பக்கத்து வீட்டு ஓட்டைப் பிரிச்சு நம்ம வீட்டுல போடறதா? வீராசாமியைக் கேட்டேன். "அதெல்லாம் மேலிடம் அக்கா"ன்னு மேலே கையைக் காட்டிட்டு எழுந்து போயிட்டான். இப்பெல்லாம் அவன் நாற்காலியில உட்கார்றதே இல்லை. வாசல்லயே நின்னு பேசிட்டு ஓடறான்.

காரியத்துக்கு வந்த பெரிய ஆபீசர் ஒருத்தரு ரொம்ப நல்லாப் பேசினாரு. நாட்டுக்காகன்னாரு. தண்ணி கொடுத்தேன், குடிக்காம வெச்சுட்டுப் போயிட்டாரு. அதுவும் என் கணக்குல இருக்குது.

நீ எழுதினது எல்லாம் படிச்சேன். டீசலு, பிளேனு, மருந்து. வேணாம்னு சொல்லலை. ஆனா ஒண்ணு உனக்கு இன்னும் புரியலை. ராவும் பகலும் படுத்துக்கினு யோசிச்சேன், எனக்கே இப்பத்தான் புரிஞ்சுது. பிணைக்காத பாவை எடுத்தா ஒரு புடவை குறையும். அவ்வளவுதான், எவனும் சாகமாட்டான். பாலம் பாவு இல்லைடி. புதுசு வரலைன்னா பழசு மேலதான் நடக்கணும். அது அங்க இருக்குது, தினம் ஆளு ஏறுறான், தினம் கம்பி தேயுது. உன் கட்டத்துல ஆரம்பிக்கலைன்னு இருந்தா? உன் தம்பி நடக்க ஆரம்பிச்சுட்டானே!

வீட்டுப் பேச்சு ஒண்ணு, தறிக்காரங்க சும்மா பேசிக்கிற பேச்சு, அது இங்கேர்ந்து கிளம்பி டில்லிக்குப் போயி, அங்கேர்ந்து மலை ஏறி, நான் வளர்த்த பிள்ளையைத் தேடிப் பிடிச்சிருக்குது. யாராவது கதைன்னு சொன்னா நான் எழுந்து போயிடுவேன்.

கத்தரிக்கோலை உன் அப்பன் ஒளிச்சு வெச்சுட்டான். காந்தி ரோட்டுல புதுசு வாங்கிட்டேன். உத்திரத்துக்கு இன்னும் நாள் இருக்குது.

ரேணுகாம்பாள்


புது டில்லி
மார்ச் 16

ஆயா,

உண்டியல் பத்திக் கேட்டியே. எடுத்து வெக்கிறதுன்னு கொஞ்சம் இருக்குது, ஆனா பெரிய சண்டைக்கு அது மூணு நாள் காபிக்கு ஆகாது. எந்த வருஷத்துக்கு எவ்வளவுன்னு முன்னாடியே பார்லிமென்ட்ல சொல்லி வாங்கணும். வராத சண்டைக்குப் பேர் போட்டு வாங்க முடியாது. வந்ததுக்கு அப்புறம்தான் போய்க் கேக்கணும். கேட்டு வாங்கறதுக்குள்ள மாசம் போயிடும். அதுவரைக்கும் கையில இருக்குறதைப் பிச்சுப் பிச்சுக் கொடுக்கணும். பின்னாடி திருப்பி வெச்சுடுவாங்க. நிஜமாவே வெச்சாங்க ஆயா. மார்கழியில அந்தப் பாலத்துக் காசு திரும்பி வந்துடுச்சு. நான்தான் அந்த ஃபைலையும் பார்த்தேன். அதுக்குள்ள மலை மூடிடுச்சு. பனி விழுந்தா சிமென்ட் ஏத்த முடியாது. மே மாசத்துல ஆரம்பிக்கலாம்னு எழுதி அனுப்பிட்டாங்க. தை மாசத்துல அவன் விழுந்தப்போ, அந்தக் காசு, முழுசா, தொடாம, அவன் பாலத்தோட பேர்லயே இருந்துது.

இதை மூணு தரம் எழுதிக் கிழிச்சுட்டேன்.

நீ சொன்னதுக்கு அப்புறம், இப்ப எந்த லிஸ்ட் வந்தாலும், பழசு எது, அதை யாரு யூஸ் பண்றாங்கன்னு போன் போட்டுக் கேக்குறேன். சார், "இதுக்கெல்லாம் டைம் இல்லைம்மா"ங்கிறார். கேக்குறேன். விட மாட்டேன்.

ஆனா ஆயா, ஒரு விஷயம் என்னைக் கொல்லுது. உன்கிட்டதான் சொல்ல முடியும்.

ஆடி மாசம் நான் ஊருக்கு வந்தப்போ, பாராட்டு கொடுத்துட்டாங்களே தவிர, அந்த லிஸ்ட்டு முடியலை. திரும்பிப் போனதும் மாத்தறதா இருந்தா மாத்தலாம்னு டைம் கொடுத்திருந்தாங்க. ஒரு யூனிட்லேர்ந்து கேட்டாங்கன்னு கிடங்குக் கூரையை நானே வெளிய எடுத்துட்டு, வேற ஒண்ணைப் போட்டேன். ஒரு வார்த்தை. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாலத்தையும் எடுத்திருப்பேன். பனிக்கு முன்னாடி கட்டியே முடிச்சிருப்பாங்க.

அன்னைக்குக் கூடத்துல, நான் ஓடைப் பேரைச் சொன்னப்போ, ஆதி கேட்டான்: "எந்த நாலாக்கா?" நான் மறுபடி சொன்னேன். "இன்னொரு தரம் சொல்லு, சரியாக் கேக்கலை"ன்னான். சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். அப்புறம் சிரிச்சுட்டு, தட்டுலேர்ந்து ஒரு மைசூர்பாக்கை எடுத்து என் வாயில திணிச்சான். அதுக்கு மேல என்னால பேச முடியலை. நான் சந்தோஷத்துல ஊட்டுறான்னு நினைச்சேன்.

உனக்கு ஞாபகம் இருக்குதா? உனக்கு இல்லாம யாருக்கு இருக்கும். அவனுக்குத் தெரியுமா ஆயா? தெரிஞ்சுதான் ரெண்டு தரம் கேட்டானா? வீராசாமி மாமா அவன் பக்கத்துலயே இருந்தார். எத்தனை தரம் போன் பண்ணாலும் அவர் எடுக்க மாட்டேங்கிறார். நீ கேளு. உனக்குப் பொய் சொல்ல அந்த மனுஷனுக்குத் தைரியம் இல்லை.

உத்திரத்துக்கு மறுநாள் நான் லீவு போட்டிருக்கேன். ரூம்லதான் இருப்பேன். எந்த நேரத்துல அறுப்பேன்னு மட்டும் முன்னாடியே எழுதிடு.

அகிலா


பிள்ளையார்பாளையம்
ஏப்ரல் 3

அகிலா கண்ணு,

உத்திரம் முடிஞ்சுது. கூட்டத்தோட கூட்டமா நானும் கோயிலுக்குப் போனேன். சாமிகிட்ட ஒண்ணும் கேக்கலை. திரும்பி வர்ற வழியில வீராசாமி டீக்கடையில நின்னுக்கினு இருந்தான். எல்லார் எதிருலயும் சட்டைக் காலரைப் பிடிச்சேன். "வீட்டுக்கு வாடா"ன்னேன். வந்தான். நாற்காலியைக் காட்டினேன், உட்காரலை. ஆதி உட்கார்ந்த இடத்துல தரையில உட்கார்ந்தான். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அந்த ஆடி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இவனும் ஆதியும் நடந்து போனாங்களாம். ஆதி சொன்னானாம்: "மாமா, அது எங்க பாலம். வாரத்துல நாலு தரம் அது மேலதான் போறேன்." இவன் பதறிப்போயி, "டேய், வீட்டுக்குப் போயி அக்காகிட்ட சொல்லுடா, இப்பவே சொல்லு"ன்னானாம். அதுக்கு அவன், "எப்படி மாமா சொல்றது? அக்கா மூஞ்சியைப் பார்த்தியா? ஆயா ஊரையே கூட்டி வெச்சு சுவீட்டு கொடுத்துக்கினு இருக்குது. இப்பப் போயி நான் சொன்னா ரெண்டு பேரும் செத்துடுவாங்க. விடு மாமா, பழசு இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள நானே பக்குவமா சொல்லிக்கிறேன்"ன்னானாம். சொல்லக் கூடாதுன்னு இவன் கையில அடிச்சுச் சத்தியம் வேற வாங்கிக்கினானாம்.

கிளம்பினான். சொல்லலை. வாசல்ல ஷூ லேசைக் கட்டிக்கினே, "ஆயா, அடுத்த தரம் வரும்போது அக்கா புடவையில ஒரு கரைக்கு நான் கோர்வை போடுவேன்"ன்னான். சின்னப் பிள்ளையில உன் அப்பன் பக்கத்துல உட்கார்ந்து, கரையும் உடலும் சேர்ற அந்தக் கோர்வைக்குக் கரை நாடா தள்ளினவன் ஆச்சே. போடுறான்னு சொன்னேன்.

வீராசாமி தலையைத் தரையில வெச்சு அழுதான். ஒரு வருஷத்துக்கு இந்த வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன். ஒரு வருஷம்தான். அதுக்கு அப்புறம் வரட்டும், நாற்காலியைக் கொடுப்பேன். மேரிக்குத் தட்டைக் கொடுத்துட்டேன், அதிரசம் வெச்சு. உன் சாரு, அவருக்கு மேல இருக்குறவரு, அவருக்கும் மேல இருக்குறவங்க, ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. பேர் தெரியாதவங்க மேல வன்மம் வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? தண்ணி குடிக்காத ஆபீசரு மட்டும் கணக்குல இருக்கட்டும்.

நேத்துக் காலையில கத்தரிக்கோலை எடுத்துக்கினு தறியண்டை போனேன். துளசி குய்யோ முறையோன்னு கத்தினா. உன் அப்பன் எழுந்து வந்தான். தறிக்குழியில காலை இறக்கி உட்கார்ந்தான். நாடாவை எடுத்தான். ஒரு இழை போட்டான். என்னைப் பார்த்தான். இன்னொரு இழை போட்டான். அவனுக்குப் பொறந்ததும் ரெண்டுதான். நான் பாவு மேல கையை வெச்சேன். வெடவெடன்னு இருந்துது, உயிரு இருக்குற மாதிரி. கத்தரிக்கோலைத் துளசிகிட்ட கொடுத்து, போய்க் கீரைக்கட்டைப் பிரின்னு சொன்னேன்.

கோர்வை போட ஆள் வேணும். ஒரு கரையை உன் அம்மா பிடிச்சுக்கிறேங்குறா. இன்னொரு கரையை நீ வந்து பிடி. லீவு கிடைக்கலைன்னா கிடைக்கிற வரைக்கும் தறி காத்துக்கினு இருக்கும். வரும்போது அந்தக் கண்ணாடி போட்ட காகிதத்தை மட்டும் எடுத்தாராதே.

முதல் லெட்டர்ல ஒன்பது பேர்ல ஒருத்தர்னு எழுதினேன். எழுதும்போது நீன்னுதான் நினைச்சேன். நீ நினைச்சதும் சரிதான். உன் மேல எனக்குக் கோவம் இருந்துது, இன்னும் கொஞ்சம் இருக்குது, நீ வந்து எதிர்ல நின்னா போயிடும். உனக்குத் தெரியாது. தெரிஞ்சா நீ ஓடியிருப்பே, போனைப் போட்டிருப்பே, அந்தச் சாரு மூஞ்சியில அடிச்சாவது மாத்தியிருப்பே. எனக்குத் தெரிஞ்சா இங்கேர்ந்து டில்லிக்கு நடந்தே போயிருப்பேன்.

அன்னைக்குக் கூடத்துலயே தெரிஞ்சவன் ஒருத்தன்தான். ரெண்டு தரம் பேரைக் கேட்டு நிச்சயம் பண்ணிக்கினான். அக்கா வாயை மைசூர்பாக்கால அடைச்சான். அதுக்கு அப்புறம் நான் போயி, பிள்ளை இளைச்சுட்டான்னு, அவன் தட்டுல ரெண்டு எடுத்து வெச்சேன். ரெண்டையும் தின்னான். என் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாதாம். நான் இன்னா சின்னக் குழந்தையா? இந்தக் கிழவி சந்தோஷமா இருக்கணும்னு இவனை யாரு கேட்டாங்க?

தினம் காலையில அவன் படத்துக்குப் பூ வெக்கிறேன். பூ வேற, இது வேற. உன் அம்மா சொல்றா, போனவனைப் போயி மன்னிக்க மாட்டேங்கிறியேன்னு. மாட்டேன். நான் இருக்குற வரைக்கும் மாட்டேன். எழுதி வெச்சுக்கோ, பின்னாடி யாராவது கேட்டா பேரை மாத்திச் சொல்லாதே.

ஆதிகேசவன்.